சிவப்பு நின்ற பிறகு

ஹையலூரோனிக் அமிலத்தைக் கரைப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். வெள்ளைத் தூள், எடையே தெரியாது. தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால், கூழுக்கு மாவு கரைக்கத் தெரியாதவர் கையில் ஆவது போல, வெளியே வழுக்கி உள்ளே காய்ந்த கட்டிகள் மிதக்கும். அதன்பின் எவ்வளவு கலக்கினாலும் அவை உடையாது. எம்.ஃபார்ம் ப்ராஜெக்டுக்காக லேபில் சேர்ந்ததும், ஆராய்ச்சி மாணவியான சீனியர் அக்கா முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். "தம்பி, ஸ்டிரர் நல்லா சுத்தி நடுவுல குழி விழட்டும். அந்தக் குழியோட ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமாத் தூவு. இன்னைக்கே வேலைய முடிக்கணும்னு பாக்காத, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில கிடக்கட்டும்."

சோனிகேட்டரில் வைத்தால் சீக்கிரம் கரையாதா என்று கேட்டேன். கரையும், ஆனால் சங்கிலியும் துண்டு துண்டாகும் என்றார். எச்.ஏ. (லேபில் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை) குளுக்குரோனிக் அமிலமும் அசிட்டைல் குளுக்கோசமினும் மாறி மாறிக் கோத்த நீளமான சர்க்கரைச் சங்கிலி. நீளம் மாறினால் குணமே மாறிவிடும். நீண்ட சங்கிலி திசுவை அமைதிப்படுத்தும், சிறு துண்டுகளோ அழற்சியைக் கிளப்பும். அதனால் பாட்டிலின் லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது மூலக்கூறு எடை, விலை அப்புறம்தான்.

1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து புதிதாக உருவாகிறது. உடம்புக்கு அந்நியமில்லாத பொருள் என்பதால்தான் மூட்டு ஊசியிலும் கண்புரை அறுவையிலும் அதைத் தயங்காமல் போடுகிறார்கள். மருந்து சுமக்க வைக்கலாம் என்ற எண்ணம் வந்ததற்கும் இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சிடி44. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இந்தப் புரதம் எச்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் என்பது 1990இல் தெரியவந்தது. பல புற்றுநோய் செல்களில் இது மிதமிஞ்சி இருக்கிறது.

எனக்கு வந்த மருந்து டாக்சோருபிசின், கீமோ வார்டில் சொட்டும் அந்தச் சிவப்பு மருந்து. இதயத் தசையைக் கெடுக்கும் என்பதால், ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று வரம்பே உண்டு. அதைக் கட்டிக்கு மட்டும் கொண்டுபோக முடிந்தால் யாருக்குத்தான் கசக்கும்? எச்.ஏ. சங்கிலியில் அடிபிக் டைஹைட்ரசைடு என்ற சிறு மூலக்கூறை ஏற்றி, அதன் மறுமுனையில் மருந்தை மாட்ட வேண்டும். இப்படி உருவாகும் ஹைட்ரசோன் பிணைப்பு, ரத்தத்தின் 7.4 பிஎச்சில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். செல் அதை விழுங்கி, பிஎச் 5 அளவுக்கு அமிலமான தன் பைக்குள் தள்ளியதும் அறுந்து மருந்தை விடும்.

இந்தச் சிறு மூலக்கூறை எச்.ஏ.வோடு இணைக்கும் வேலையைச் செய்வது இ.டி.சி. என்ற வினைப்பொருள். அது மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வராத பாட்டிலைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, இ.டி.சி. வீணாகிவிடும். கரைசலை 4.75 பிஎச்சில் வைத்துக்கொண்டு இ.டி.சி.யைச் சேர்த்ததும் மீட்டரில் எண் மெல்ல ஏறத் தொடங்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, திரும்ப 4.75க்கு இறக்க வேண்டும். மறுபடி ஏறும், மறுபடி இறக்க வேண்டும். ஏறும்வரை வினை நடக்கிறது என்று அர்த்தம், ஏறுவது நின்றால் இ.டி.சி. தீர்ந்தது. கடிகாரத்தைவிட இதை நம்பலாம். ஃபோனை மேசை டிராயரில் போட்டுவிட்டு உட்கார வேண்டிய வேலை.

அடிபிக் டைஹைட்ரசைடை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் மருந்தும் கூடுதலாக மாட்டுமே என்று கை துறுதுறுக்கும். ஆனால் நாம் இணைப்புக்குப் பயன்படுத்தும் அதே கார்பாக்சில் முனைகள் எச்.ஏ.வை சிடி44 அடையாளம் காணவும் தேவை. அளவுக்கு மீறி அடைத்துவிட்டால் சங்கிலி மருந்தைச் சுமக்கும், போய்ச் சேர வேண்டிய செல்லுக்கோ அதைத் தெரியாது.

மருந்தை மாட்டும் கட்டம் இருட்டில் நடக்கும். பிளாஸ்குக்கு அலுமினியத் தாள் சுற்றி, கையில் இரட்டைக் கையுறை போட்டுக்கொள்வோம். முடிந்ததும் எல்லாவற்றையும் டயாலிசிஸ் பையில் ஊற்றிக் கட்டி, பெரிய பீக்கரில் மிதக்கவிட வேண்டும். ஒட்டாத மருந்து பையின் துளை வழியே வெளியேறிவிடும், நீண்ட சங்கிலி உள்ளேயே தங்கும். வெளித் தண்ணீர் சிவப்பாகும். மாற்றினால் இளஞ்சிவப்பு, பிறகு நிறமே இல்லை. பை மட்டும் சிவப்பாகவே இருக்கும். பார்க்க அழகு, ஆளை ஏமாற்றும் அழகு. டாக்சோருபிசினுக்கு நேர்மின்னூட்டம், எச்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம். பிணைப்பே உருவாகாவிட்டாலும் இரண்டும் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அக்காவின் லேபில் முதல் சுற்று எப்போதும் உப்புத் தண்ணீர்தான். மின்னூட்டத்தால் மட்டும் ஒட்டியிருப்பதை உப்பு கழற்றிவிடும். கூடவே, இணைப்பு எதுவும் செய்யாமல் வெறுமனே கலந்த எச்.ஏ.வும் மருந்தும் இன்னொரு பையில் பக்கத்திலேயே மிதக்கும். உப்பில் அந்தப் பை வெளுத்து, நம் பை சிவந்தே இருந்தால்தான் அடுத்த கட்டம். "உப்பு போடாத சிவப்ப எங்கிட்டக் கொண்டுவராத" என்பார்.

செல் சோதனையில் எங்கள் வழிகாட்டி மேடமும் இதே கறார். மருந்துக்குத் தானாகவே ஒளிரும் குணம் இருப்பதால், செல்களின் ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் தனிச் சாயம் வேண்டாம். சிடி44 நிறைய உள்ள எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுச் செல்லும், குறைவாக உள்ள எம்சிஎஃப்-7 செல்லும் எடுத்துக்கொள்வோம். முதல் வகையில் ஒளி கூடுதலாக வந்தாலும் மேடத்துக்குப் போதாது. மருந்தில்லாத வெறும் எச்.ஏ.வை முன்கூட்டியே தாராளமாகக் கொடுத்து, சிடி44 இடங்களை நிரப்பிவிட்டு, மறுபடி அளக்கச் சொல்வார். ஒளி குறைந்தால் மருந்து சிடி44 வழியாகத்தான் போயிருக்கிறது. குறையாவிட்டால் வேறு ஏதோ வழி, நம் கதை அத்தோடு முடிந்தது.

இவ்வளவும் தேறினாலும் உடம்புக்குள் போனால் கல்லீரல் குறுக்கே நிற்கிறது. அதன் ரத்தக்குழாய்ச் செல்களில் ஸ்டாபிலின்-2 என்ற ஏற்பி, ரத்தத்தில் வரும் எச்.ஏ.வைப் பிடித்து விழுங்குவதற்கென்றே இருக்கிறது. ரத்தத்தில் எச்.ஏ.வின் அரை ஆயுள் சில நிமிடங்கள்தான். ஆஸ்திரேலியாவின் ஆல்கெமியா நிறுவனம் எச்.ஏ.வோடு இரினோடெகான் என்ற மருந்தைச் சேர்த்துக் குடல் புற்றுநோய்க்கு மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. நோய் முற்றாமல் தள்ளிவைப்பதில் வழக்கமான இரினோடெகானைவிட அது மேலானது என்று நிரூபிக்க முடியவில்லை என்பது 2014இல் தெரிந்தது. அதற்கு நேர்மாறாக, எச்.ஏ.வை உடைக்கும் ஹையலூரோனிடேஸ் நொதி ஆஸ்பத்திரிக்கு வந்தேவிட்டது. தோலுக்கடியில் உள்ள எச்.ஏ.வை அது தற்காலிகமாகக் கரைத்து வழிவிடுவதால், முதல் தவணைக்கு 90 நிமிடம் நரம்பில் ஏற்ற வேண்டியிருந்த டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்தை 2 முதல் 5 நிமிடத்தில் தொடையில் ஊசியாகப் போட முடிகிறது. அமெரிக்காவில் இதற்கு 2019இல் அனுமதி கிடைத்தது. எச்.ஏ.வைக் கட்டிச் சேர்க்கப் பாடுபடும் எங்களுக்கு இது கொஞ்சம் கேலியாகத்தான் படுகிறது.

எங்கள் ஜர்னல் கிளப்பில் இலக்கு மருந்து பற்றிய கட்டுரை வந்தால், இப்போது நான் முதலில் புரட்டுவது கட்டி சுருங்கிய படத்தை அல்ல. எந்த உறுப்பில் எவ்வளவு மருந்து சேர்ந்தது என்ற அட்டவணையில் கல்லீரல் வரியைத்தான். இந்தத் துறைக்கு வரும் ஜூனியர்களும் அந்த வரியிலிருந்தே படிக்கத் தொடங்குங்கள். அது இல்லாத கட்டுரையை எங்கள் மேடம் படிக்கவே எடுப்பதில்லை.