கான்டெஸ்ஸாவுக்கு மூணு டப்பா ஆயில்

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் லோன் ஃபைல் புரட்டுகிறவள். ஆனால் லோன் ஃபைலை எப்படிப் படிக்கிறோமோ அப்படித்தான் ஆயில் டப்பாவின் பின்பக்கத்தையும் படிக்கணும் என்பது என் கட்சி. முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் ஒப்பந்தம்.

எங்களிடம் ஒரு கான்டெஸ்ஸா இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் 90-களில் இந்தியாவில் பின்சக்கரம் தள்ளி ஓடுகிற, மூக்கு நீண்ட, மிதித்தால் பாய்கிற வண்டி என்று நம்மைப் போன்றவர்களுக்கு வேறு என்ன இருந்தது? இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்தது. முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினைப் போட்டார்கள். யானைக்கு ஆட்டுக்கால் வைத்த மாதிரி. பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. அதற்குப் பிறகுதான் அது வண்டி. 2002-ல் உற்பத்தி நின்றது. எங்களுடையது அந்த 1.8 பெட்ரோல்.

இப்போது விஷயம். அப்பாவைத் திருநெல்வேலியிலிருந்து நாக்பூருக்குக் கூட்டிவர வேண்டும். வயது 78, இரண்டு முட்டியும் மாற்றியாயிற்று. ரயிலில் ராத்திரி நாலு தரம் எழுந்து போக முடியாது. பிளேன் என்றால் ஏறி இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறி இறங்கி... "எம்மா, அதுக்கு நான் இங்கனயே கெடக்கேன்" என்றுவிட்டார். எங்கள் சின்ன காரின் பின்சீட்டில் கால் நீட்ட முடியாது. கான்டெஸ்ஸாவில் முடியும். நாக்பூரிலிருந்து நெல்லைக்கு ஒரே ரோடுதான், என்.எச்.44. ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என்று ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். போய்த் திரும்ப 3,300. நடுவில் அதிலாபாத் பக்கம் வண்டி நின்றால் முட்டி மாற்றிய மனுஷரை எங்கே உட்கார வைப்பது?

வண்டிக்கு ஒரே ஒரு குறை. காலையில் முதல் அரைமணி நேரம் மூன்றாம் கியர் விழும்போது ஒரு கரகரப்பு. வாங்கும்போதே இருந்தது. அதனால்தான் இந்த ஆயில் ஆராய்ச்சி.

பட்டறைக்கு நானும் ரங்கமணியும் போனோம். வண்டி என் பேரில், கேள்வி என்னுடையது. ஆனால் மெக்கானிக் பாவு பதில் சொன்னது முழுக்க ரங்கமணியைப் பார்த்து. ஒரு டப்பாவைக் காட்டி, "தோனோ மே யஹீ சல்தா ஹை, சாப்" என்றார். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் அதே 90 ஆயிலாம். ரங்கமணி என்னைப் பார்த்தார். நான் டப்பாவைத் திருப்பினேன். ஜி.எல்-5.

இந்த ஜி.எல். என்ன என்று புரிந்துகொள்ள, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்கணும்.

டிஃபரன்ஷியலில் இருப்பது ஹைபாய்டு பல்சக்கரம். எஞ்சினிலிருந்து வரும் தண்டு, பெரிய வளையச் சக்கரத்தின் நடு மையத்தில் சேராமல் சற்றுக் கீழே தள்ளிச் சேரும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளுவதோடு நிற்பதில்லை, வழுக்கி உரசவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் பிதுங்கிப் போய்விடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம். சூட்டில் அது இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். உரசும்போது அந்தத் தோல் தேயும், இரும்பு பிழைக்கும். இந்தச் சேர்மானம் நிறைய இருப்பது ஜி.எல்-5. ஏறக்குறைய அதில் பாதி இருப்பது ஜி.எல்-4.

கியர்பாக்ஸில் கதை வேறு. அங்கே கியர் மாறும்போது இரண்டு வேகங்களைச் சமன் செய்வது சின்க்ரோ வளையம். பழைய வண்டிகளில் அது பித்தளை. பித்தளை என்றால் செம்பு உள்ள உலோகம், கந்தகத்துக்கும் செம்புக்கும் ஆகாது. தவிர, சின்க்ரோ வேலை செய்வதே உரசிப் பிடிப்பதால்தான். ரொம்ப வழுக்கினால் பிடிக்காது, கரகரக்கும். இன்றைய நல்ல ஜி.எல்-5 ஆயில்கள் செம்புத்தகட்டுச் சோதனையில் தேறிவிடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் தேறியது தகடு. என் வண்டியில் இருப்பது முப்பது வருஷம் தேய்ந்த வளையம்.

நான் பாவுவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்த வளையம் போனால் புதுசு கிடைக்குமா?" இப்போது என்னைப் பார்த்தார். யோசித்துவிட்டு, கம்பெனி உருப்படி கிடைக்காது, உடைத்த வண்டியிலிருந்து எடுக்கணும், அதுவும் தேய்ந்ததாகத்தான் இருக்கும் என்றார். நேர்மையான மனுஷர். அத்தோடு வழக்கு முடிந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் ஈடு இல்லாத சொத்து அது. அதன்மேல் ரிஸ்க் எடுக்கக்கூடாது :-)

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் கையேடுதான் முதல் நீதிமன்றம். சில கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருப்பார்கள், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலில் கிளட்ச் தகடு இருந்தால் அதற்கென்று தனிச் சேர்மானம் வேண்டும், இல்லாவிட்டால் திருப்பங்களில் நடுங்கும். எங்களுடையது சாதா டிஃபரன்ஷியல், அந்தத் தலைவலி இல்லை.

இங்கே ரங்கமணிக்கு ஒரு சந்தேகம். எஞ்சினில் 50, கியரில் 90 என்றால் கியர் ஆயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டியா? இல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் அளந்தால் எஞ்சின் ஆயில் 40 என்பது 12.5 சென்டிஸ்டோக்ஸில் தொடங்குகிறது, 50 என்பது 16.3-ல். கியர் ஆயில் 90 தொடங்குவது 13.5-ல். ஆக 90 என்பது எஞ்சின் ஆயிலின் 40, 50-க்குப் பக்கத்து வீடு. கணுக்கால் அளவை செருப்பு சைஸோடு ஒப்பிடுகிற மாதிரிதான் அந்தக் கேள்வி.

எஞ்சினுக்கு நான் எடுத்தது 20டபிள்யூ-50 மினரல். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30-ல். நாக்பூரில் ஜனவரிக் காலையில் பத்து டிகிரி என்றாலே நாங்கள் மஃப்ளர் கட்டுவோம். மே மாதம் 45. எனவே 5டபிள்யூவுக்குக் கூடக் கொடுக்கும் காசு எனக்கு வீண். இன்னொரு காரணமும் உண்டு. புது வண்டிகளின் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்ற 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 20டபிள்யூ-50-க்கு அந்த வரம்பு இல்லை. கேம் மேல் ராக்கர் உரசிக்கொண்டே ஓடும் பழைய எஞ்சினுக்கு துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம்தான் கவசம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. பதினைந்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடிக்கணும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியலில் வடிக்கும் மூடிக்கு முன்னால் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்க்கணும். வடித்த பிறகு மேல்மூடி துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி அங்கேயேதான். பழைய ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்கணும். மையாகச் சாம்பல் பசை இருந்தால் சகஜம், துண்டு துண்டாக வந்தால் பயணம் ரத்து. எங்களுக்கு கியர்பாக்ஸில் பொன்னிறத் தூள் மினுமினுத்தது. பித்தளை. இந்த வளையத்துக்கு ஆயுள் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. டிஃபரன்ஷியலில் வெறும் பசை. கியருக்கு ஜி.எல்-4 80டபிள்யூ-90, டிஃபரன்ஷியலுக்கு அதே தடிமனில் ஜி.எல்-5. மூன்றும் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

போய் வந்தோம். தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் மூன்றாம் கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கினேன். எஞ்சின் பிடித்து இழுக்கும்போது பற்களின் மறுபக்கத்தில் பாரம் ஏறும், ஆயில் நல்லதா என்று சொல்லும் இடம் அது. ஊளைச் சத்தம் ஒன்றுமில்லை. திரும்பும்போது அதே இடத்தில் ஏற்றம், பின்சீட்டில் அப்பா கால் நீட்டிக் குறட்டை. கரகரப்பு போய்விட்டதா என்றால், குறைந்திருக்கிறது, போகவில்லை. தேய்ந்த பித்தளையை எந்த ஆயிலும் வளர்க்காது. இருப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மூன்றாம் கியருக்கு முன் அரை நொடி நிறுத்திப் போடப் பழகிவிட்டேன்.

அப்பா இப்போது வராந்தாவில் உட்கார்ந்து, "வெயிலு நம்மூரை விடக் கொல்லுது" என்கிறார். ஊருக்கு எப்போது போகலாம் என்று நாலு நாளைக்கு ஒருமுறை கேட்கிறார். அந்தப் பயணம் வரைக்கும் வளையம் தாங்கணும். உங்களில் யாரிடமாவது கான்டெஸ்ஸா 1.8-ன் மூன்றாம் கியர் வளையம் பரணில் கிடந்தால், புண்ணியமாய்ப் போகும், ஒரு வார்த்தை சொல்லுங்கள்.