சிங்சுங் குறிப்புகள்

குவாஹாட்டியில் இறங்கி தேஜ்பூர், பாலுக்போங் வழியாக மலையேறினால் டெங்கா பள்ளத்தாக்கு. அருணாச்சலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம். ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் வாங்கிவிடலாம். டெங்காவுக்கு மேலே சிங்சுங். புகுன் பழங்குடியினரின் ஊர். அதைத் தாண்டிப் போகும் காட்டுப் பாதையில் ராமலிங்கம் என்றே ஓர் இடம் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அந்த உயரத்தில் அந்தப் பெயர் தனி மகிழ்ச்சி.

*

லாமா கேம்ப், பறவை பார்க்க வருபவர்கள் தங்கும் முகாம். உயரம் ஏறத்தாழ 2,350 மீட்டர். மரங்களின் அடி முதல் கிளை வரை பாசி. மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. அட்டைகளுக்குப் பயந்தால் இங்கே நடக்க முடியாது.

*

எல்லோரும் தேடி வருவது புகுன் லியோசிக்லாவை. முதலில் குரல்தான் வந்தது, புல்லாங்குழலைப் போல் இறங்கி வரும் குரல். பிறகு புதர் விளிம்பில் பறவை. சாம்பல் கலந்த ஆலிவ் நிற உடல், கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று ஆரஞ்சு மஞ்சள். இறக்கையை விரித்தபோது மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும். சில நொடிகள்தான். உலகில் இதுவரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டுமே அறியப்பட்ட பறவை. கண்ணில் பட்டவை வெகு சிலவே. மிக அபாய நிலையில் இருக்கும் இனம்.

*

இதைக் கண்டறிந்த ரமணா ஆத்ரேயா வானியலாளர். 1995இல் முதலில் பார்த்தார், 2005இல் மீண்டும். 2006இல் வலையில் பிடித்து அளந்து, படமெடுத்து, உதிர்ந்த சில இறகுகளை வைத்துக்கொண்டு பறக்கவிட்டார். புதிய இனத்துக்குச் சான்றாக ஒரு பறவையைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பது வழக்கம். இருப்பதே இவ்வளவு குறைவு, அதில் ஒன்றைக் கொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார். அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். பறவைக்குப் புகுன் மக்களின் பெயரையே சூட்டினார். புதிய இனத்தை அறிவித்த கட்டுரை வெளியானது 'இந்தியன் பேர்ட்ஸ்' இதழில். நம் ஹைதராபாத்திலிருந்து வந்த இதழ்!

*

காட்டுக்கு வருவோம். பக்கத்தில் 218 சதுர கிலோமீட்டர் ஈகிள்நெஸ்ட் சரணாலயம், அது அரசாங்கத்தின் பொறுப்பு. லியோசிக்லாவுக்கு முக்கியமான நிலமோ அதன் எல்லைக்கு வெளியே, ஊர்க்காரர்களின் கையில். 2017இல் அதில் 17 சதுர கிலோமீட்டரை அவர்களே சமூகக் காப்பகமாக அறிவிக்கச் சம்மதித்தார்கள். 2002ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது. நிலம் சமூகத்துடையதாகவே இருக்கும். நிர்வாகக் குழுவில் ஊர்ப் பிரதிநிதிகளுடன் வனத்துறையும் உட்காரும். ரோந்து போவது ஊர் இளைஞர்கள். எந்த வளைவில் எந்தப் பறவை கூவும், எந்த ஓடையோரம் வேட்டைக்காரர்கள் நுழையக்கூடும் என்பது சிறுவயதிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் காவலருக்கு இது கைகூட வருடங்கள் ஆகும்.

ஊரே காடு காப்பது பலிக்க இன்னொரு காரணம் வருமானம். பறவை பார்க்க வருபவர்கள் தரும் பணத்தில் ஊருக்கும் பங்கு. முகாமில் சமைப்பவர், வண்டி ஓட்டுபவர், வழிகாட்டி எல்லோரும் உள்ளூர். மரம் வெட்டிக் கிடைத்த காசு 1996 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நின்றுபோன மாநிலம் இது. காடு நிற்பதால் அடுப்பு எரிய வேண்டும். வெறும் உபதேசத்தால் எந்தக் காடும் பிழைத்ததில்லை.

*

ஹைதராபாத் திரும்பியதும் அமீன்பூர் ஏரிக்குப் போனேன். ராமச்சந்திராபுரம் பி.எச்.இ.எல். குடியிருப்பிலிருந்து கூப்பிடு தூரம். 2016இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற நீர்நிலை ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. பூநாரைகள் வந்த ஏரி. கரையை நெருங்கிக் கட்டடங்கள். அறிவிப்பு இருக்கிறது, இது எங்கள் ஏரி என்று உரிமையோடு காவல் நிற்கும் ஊர்தான் இல்லை.

சிங்சுங்குக்கு எல்லோராலும் போக முடியாது. போகிறவர்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் முகாமிலேயே தங்குங்கள். போக முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அமீன்பூர் கரைக்கு வாருங்கள், குடியிருப்பு நலச்சங்கத்திலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு.