பங்கு

எங்க அம்மா முப்பது வருசம் கோயில் கூட்டுனாங்க. சாமியார் வராத ஞாயிறுகள்ல செபம் சொன்னது எங்க தெரு உபதேசியார்தான். பங்குப் பேரவையில எங்க சேரிக்கும் ஒரு இடம் கிடைச்சுது; நான் போனேன். திருவிழாச் சப்பரம் எங்க தெருவுக்கும் வரணும்னு கேட்டேன்.

"பேரவை ஆலோசனைதான் சொல்லலாம். முடிவு என்னோடது. சட்டமே அப்படித்தான்" என்றார் சாமியார்.

உண்மைதான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 537, ஒவ்வொரு பங்கிலும் விசுவாசிகள் அடங்கிய நிதிக்குழு கட்டாயம் என்கிறது. அது எங்க ஊர்ல இல்லவே இல்ல.

கூட்டுறதுக்கும் வரி கொடுக்குறதுக்கும் நாங்க பங்கு. முடிவுல மட்டும் பங்கில்லையா?

சப்பரத்துக்குத் தெரியாத எங்க தெரு, வரி கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் தெரியுது. இந்த வருசம் வந்தவங்ககிட்ட அம்மா சொன்னாங்க:

"மொதல்ல கணக்கக் காட்டுங்கய்யா."