நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த பிரவுசிங் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், எந்நேரமும் லேமினேஷன் வாசனை. நிலத்துக்குச் சிட்டா நகல் எடுக்கப் போயிருந்தேன். "சர்வர் வரல" என்றார் கடைக்காரர். எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பெஞ்சின் மறுமுனையில் ஒரு அம்மாவும் மகளும். மகளுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். மடியில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அதன்மேல் ஒரு ரெக்கார்டு நோட்டு. லேபிளில் 'நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், முதலாம் ஆண்டு' என்று குண்டு குண்டான எழுத்து. அம்மாவின் கழுத்தில் ஏதோ நூல் மில்லின் அடையாள அட்டை தொங்கியது. ஷிப்டு முடிந்து நேராக வந்தவர் போல, தலைமுடியில் இரண்டு மூன்று பஞ்சுத் துணுக்குகள்.

"நேத்து காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டாள் மகள், பென்சிலைச் சரிசெய்துகொண்டு.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியை இங்கே ஏன் கேட்கிறாள் என்று பார்த்தேன். நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள்: நேரம், உணவு, அளவு. ஒருவர் இருபத்துநாலு மணி நேரத்தில் சாப்பிட்டது குடித்தது அனைத்தையும் கேட்டு எழுதி, அதை மாவுச்சத்தாகவும் புரதமாகவும் இரும்புச்சத்தாகவும் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். நாளைக்கு ரெக்கார்டு வைக்கவேண்டுமாம். கையில் கிடைத்த நோயாளி அம்மா.

"இட்லி."

"எத்தனை?"

"மூணு."

"மூணா?"

"ரெண்டுன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கல்லாம் கூடாதும்மா. சட்னி எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எத்தனை ஸ்பூன்?"

"சட்னியை எவளாச்சும் ஸ்பூன்ல அளந்து திம்பாளா பாப்பா?"

மகள் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினாள். எத்தனை ஸ்பூன் என்று எழுதினாள் என்பது தெரியவில்லை.

அதற்குள் கடைக்காரர் அவர்களைக் கூப்பிட்டார். சிட்டா சர்வர்தான் படுத்திருந்தது. தேசிய உதவித்தொகை போர்ட்டல் விழித்திருந்தது. அவள் விண்ணப்பிக்க வந்தது மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. கிடைத்தால் இளநிலைப் படிப்புக்கு வருஷத்துக்கு 12,000 ரூபாய், முதுநிலைக்குப் போனால் 20,000. அந்தப் பெண் 600-க்கு 531 வாங்கியிருந்தாள். மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸைக் கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது நானும் பார்த்துக்கொண்டேன்.

முதலில் முகம். ஒருமுறைப் பதிவு எண் வாங்க, ஆதாரில் இருக்கும் முகம்தான் இது என்று செல்போன் கேமரா ஒப்புக்கொள்ள வேண்டும்.

"கண்ணைச் சிமிட்டும்மா."

சிமிட்டினாள்.

"மெதுவா. இன்னொரு தடவ."

சிமிட்டினாள். முதுகுக்குப் பின்னால் வாசல் வெயில் அடித்தது. போன் ஏற்கவில்லை. அவளை ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திருப்பி நிறுத்தினார். அங்கேயும் இல்லை. கடைசியில் அம்மா எழுந்து வந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அந்த நிழலில் மகள் மறுபடியும் சிமிட்டினாள். ஓசையோடு ஒரு பச்சை டிக் விழுந்தது.

"புதுமைப் பெண் வருதாம்மா?" என்று டைப் அடித்தபடியே கேட்டார் கடைக்காரர்.

"இல்லண்ணே. ஆறும் ஏழும் மெட்ரிக்ல படிச்சேன்."

அவர் உச்சுக் கொட்டினார். தமிழக அரசின் அந்தத் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்க, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2024 கடைசியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களையும் சேர்த்தார்கள். மெட்ரிக் அப்போதும் சேரவில்லை.

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு நாகல்நகர்ல சொந்தப் பட்டறை ஓடுச்சு தம்பி" என்றார் அம்மா, யாரோ குற்றம் சொன்னதுபோல. "பூட்டுப் பட்டறை. அந்த ரெண்டு வருசந்தான் கையில காசு இருந்துச்சு. டை கட்டி, ஷூ மாட்டி அனுப்புனோம். அப்புறம் அலிகார் பூட்டு வந்து..." கையை விரித்தார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். மூன்று வருஷம், முப்பத்தாறு மாதம், முப்பத்தாறாயிரம் ரூபாய். அந்த டையின் விலை. இதில் இன்னொன்றும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயரில், புதுமைப் பெண் திட்டமாக, கல்லூரிக்குப் பணம் போகிறது. தாலியிலிருந்து படிப்புக்கு மாற்றியவர்கள் நல்ல காரியம்தான் செய்தார்கள். ஆனால் நொடித்துப்போன வீட்டைக் கண்டுபிடிக்க, அது நொடிப்பதற்கு முன்னால் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்று கேட்கிற கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை.

படிப்பின் பெயரைத் தேடுவதில் கொஞ்ச நேரம் போயிற்று. பட்டியலில் ஃபுட்ஸ் அண்ட் நியூட்ரிஷன் இருந்தது, ஹோம் சயின்ஸ் இருந்தது. இவள் படிப்பு எங்கே? கடைக்காரர் மேலும் கீழும் உருட்டினார்.

"ஹோம் சயின்ஸ்னு போட்டுறவாம்மா? எல்லாம் ஒண்ணுதான?"

"ஐயோ வேண்டாண்ணே, காலேஜ்ல வெரிஃபை பண்றப்ப ரிஜெக்ட் ஆயிரும்."

"அதுல சமையல்தான சொல்லித் தர்றாங்க?"

பதில் சொன்னது வேறொரு பெண். குடையோடு அப்போதுதான் உள்ளே வந்து, பென்டிரைவை நீட்டிக்கொண்டு நின்றவள். "சமையல்தாண்ணே. சிறுநீரகம் கெட்டவங்களுக்குக் காயை நறுக்கி, வெந்நீர்ல ஊறப்போட்டு, தண்ணியை வடிச்சுட்டுச் சமைக்கணும். இல்லன்னா பொட்டாசியம் ஏறி ஆளே போயிருவாங்க. அந்தச் சமையல்." பிறகு சின்னவளைப் பார்த்து, "கீழ போ, 'பி'ல தேடாத, 'என்'ல தேடு" என்றாள். 'என்'னில் இருந்தது.

பெரியவள் எம்.எஸ்ஸி. முடித்தவள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். அதை முடித்தால்தான் பதிவுபெற்ற டயட்டீஷியன் (ஆர்.டி.) தேர்வு எழுதலாம். சின்னவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஸ்டைபெண்ட் உண்டாக்கா?"

"நீ வேற. நான்தான் கட்டியிருக்கேன்."

காலை ஆறு மணிக்கு மருத்துவமனை அடுப்படி. டியூப் ஃபீடுக்கான கஞ்சியை வடிகட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு கட்டி இருந்தாலும் மூக்கு வழியாகப் போட்ட குழாய் அடைத்துக்கொள்ளும். உப்பில்லாத தட்டு, சர்க்கரைத் தட்டு என்று சீட்டு ஒட்டுவதைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வார்டு வார்டாக நின்று நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். ஹாஸ்டல் வாடகை, வெள்ளைக் கோட்டு, பஸ். "படிக்கிறவரைக்கும் ஸ்காலர்ஷிப் வந்துச்சு. டிகிரி முடிஞ்சதும் போர்ட்டல்ல நம்ம யாரும் இல்ல. டிகிரிய வச்சு மட்டும் ஆர்.டி. ஆக முடியாது. எங்க செட்ல நாலு பேரு இதுக்கு வரவே இல்ல. ஒருத்தி ஜிம்ல டயட் சார்ட் எழுதறா, ஒருத்தி புரோட்டீன் பவுடர் விக்கிறா."

"நெட் எழுதலாம்லக்கா?"

"எழுதலாம். பேப்பர் பேரு ஹோம் சயின்ஸ்." கடைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஜே.ஆர்.எஃப். அடிச்சா மாசம் முப்பத்தேழாயிரம். எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

கடைக்காரர் திரையிலேயே கண்ணாக இருந்தார்.

பெரியவள் இரண்டு தாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சின்னவளின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைத் தட்டிக் காட்டி, "இதை மனப்பாடம் பண்ணிரு" என்றாள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 46 கிராம் புரதம். அந்த நிறுவனத்தின் பூர்வீகம் ஹைதராபாத் இல்லை, நம் குன்னூர். 1918-ல் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி நோயை ஆராய அங்கே தொடங்கியதுதான் வளர்ந்து, 1958-ல் மலையிறங்கி ஹைதராபாத்துக்குப் போனது. பெஞ்சில் இருந்த அம்மாவுக்கு 55 கிலோ இருக்காது. நாற்பத்திரண்டு இருந்தால் அதிகம்.

வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்ற சோதனை, ஓ.டி.பி. அப்பாவின் போனுக்கு அழைப்பு. பின்னால் இரும்பு ராவுகிற சத்தம். "மூணு... ஏழு... ஏழா ஒண்ணாப்பா?" ஒன்றுதான். பிறகு வருமானச் சான்று. அதன் எண்ணைக் கடைக்காரர் கேட்க, மகள் ஃபைலின் அடியிலிருந்து உருவினாள். முந்தின நாள் தேதி.

"நேத்துதான் வந்திருக்கு! லக்குதாம்மா உனக்கு."

"அம்மா போய் நின்னாங்கண்ணே."

சமர்ப்பித்தாகிவிட்டது. கடைக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். அம்மா ஏதோ நகைக்கடையின் பெயர் அச்சடித்த சின்ன ஜிப் பர்ஸைத் திறந்து, நாலாய் மடித்த நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். இனி கல்லூரி சரிபார்க்க வேண்டும், அதற்கு மேலே இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், பிறகு எப்போதோ பணம். இந்த மாதம் செய்முறை வகுப்புக்கு ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போக வேண்டுமாம். அதைத் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

பிரிண்ட் வருகிற வரைக்கும் மகள் மறுபடி நோட்டைத் திறந்தாள்.

"மதியம் சொல்லும்மா."

"சோறு."

"என்ன குழம்பு?"

அம்மா ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார். "சாம்பார்னு எழுதிக்கோ."

"எவ்வளவு சோறு? கப்பு கணக்குல." பென்சில் நின்றது. "நேத்து மதியம் நீ வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இல்ல நின்ன?"

"ஆமா. மூணு மணி ஆயிருச்சு. அப்படியே ஷிப்டுக்குப் போயிட்டேன்."

"அப்ப சோறு?"

"டீ குடிச்சேன்ல."

பிரிண்டர் தாளை இழுத்தது. மகள் 'சோறு' என்று எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தாள். நிதானமாக, கட்டத்தின் கோடு அழியாமல். துகளை ஊதினாள்.

"டம்ளரா, பேப்பர் கப்பா?"

"பேப்பர் கப்பு."

எழுதிக்கொண்டாள்.

"அய்யா, சர்வர் வந்துருச்சு" என்றார் கடைக்காரர் என் பக்கம் திரும்பி. "சர்வே நம்பர் சொல்லுங்க."

சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினேன்.