1800 ரூபாய் வாங்கிய மாமா

இன்சூரன்ஸ் இருந்தால் வண்டி எதில் மோதினாலும் பைசா கிடைத்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருடம் வரை. மாமாவின் காரால் அந்த நினைப்பு போனது.

எங்கள் ஊர் பெரியதாழை. மாமா கடல் தொழில். இரண்டாம் கையாக ஒரு கார் வைத்திருக்கிறார், ஆறு வருடப் பழசு, ஓன் போர்டு. கச்சான் காத்து அடித்து வள்ளம் இறக்க முடியாத ஒரு நாள், பக்கத்து வீட்டு அக்காவைத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மணப்பாடு தாண்டியதும் குறுக்கே ஒரு ஆடு. ஆடு தப்பித்தது. கார் பனைமரத்தில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

மாமா கொஞ்சமும் கலங்கவில்லை. "ஃபுல் இன்சூரன்ஸ்லே மருமவனே, 3 லட்சம் போட்டிருக்கான்" என்றார். வீட்டில் காலேஜ் படிப்பவன் நான் ஒருத்தன்தான் என்பதால் பாரம் நிரப்பும் வேலை என் தலையில். அப்போதுதான் பாலிசியை முதல்முறையாகப் படித்தேன். (உங்கள் வீட்டுப் பாலிசியை யாராவது படித்திருக்கிறீர்களா? நிஜமாகச் சொல்லுங்கள்!)

அந்த 3 லட்சம் வண்டி திருடு போனாலோ, ரிப்பேர் செலவு அந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோதான். சாதாரண மோதலுக்குக் கணக்கே வேறு. எங்கள் பில் 42,000. அதில் பம்பர், ஹெட்லைட் 10,000. பிளாஸ்டிக் என்றால் தேய்மானம் 50 சதவீதம், ஆகவே 5,000. பானெட், ஃபெண்டர் 15,000. ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் இரும்புக்கு 40 சதவீதம் கழியும், 9,000. கண்ணாடி 6,000, அதற்குக் கழிவில்லை. கூலி 11,000 அப்படியே. கூட்டினால் 31,000. சின்ன எஞ்சின் வண்டிக்குக் கட்டாயமாகப் பிடிக்கும் 1,000 போக 30,000. மீதி 12,000 நம் கைக்காசு. புது பம்பர் மாட்டினாலும் பழைய பம்பரின் விலையைத்தான் தருவார்கள்.

வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருந்தால் இதுவும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது அதை மட்டும்தான். அது நாம் இடித்த ஆளுக்கும் அடுத்தவர் பொருளுக்கும். நம் வண்டிக்கு இல்லை.

சரி, 30,000 வந்ததா? அங்கேதான் என் தப்பு. பாரத்தில், விபத்து நேரத்தில் வண்டி எதற்காக ஓடியது என்று ஒரு கேள்வி. 'சொந்த வேலை' என்று எழுதினேன். சர்வேயர் வந்தார். அக்காவிடமும் பேச்சுக் கொடுத்தார். அக்கா பெருமையாக, "சும்மாவா போவோம்? 1800 ரூவா குடுத்தோம்லா" என்றாள். மாமா தரையைப் பார்த்தார்.

மூன்று வாரத்தில் கடிதம். தனியார் உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியதால் கிளைம் இல்லை. அதில் பாதிப் பணம் டீசலுக்கே போயிருக்கும், ஆனால் கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது என்று பாலிசியில் எழுதித்தான் இருக்கிறது. அக்காவுக்கு அடிபட்டிருந்தால்? அவளுக்கான நஷ்ட ஈட்டுக்கும் கம்பெனி இதையே சொல்லிச் சண்டை போட்டிருக்கும். அதை நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை.

தேடியதில் ஒரு வழி கிடைத்தது. 2010 மார்ச்சில், ஓரியண்டல் இன்சூரன்ஸுக்கு எதிரான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், சொந்தக் கார் வாடகைக்கு ஓடியதைக் காட்டிக் கிளைமை முழுக்கத் தள்ளியது சரியில்லை என்றது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் சேர வேண்டியதில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழிகாட்டுதலை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. எங்கள் கணக்கில் 22,500.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். ஒரு மாதம் பதில் இல்லை. இப்போது சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனுக்கு மனு. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. கம்பெனி பதில் தராத அந்த ஒரு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.

முதல் வரியிலேயே 1800 ரூபாய் வாங்கியதை எழுதிவிட்டேன். மாமா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை. கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது, பம்பரை வலைக்கயிற்றால் கட்டியிருக்கிறார்.

நேற்று அக்கா வந்து அடுத்த செக்கப்புக்குக் கேட்டாள். "பைசா தராட்டா கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமா. அக்காவுக்குக் கோபம். பஸ்ஸில் போகிறாளாம்.