இரண்டாவது கோடை

சாலுமரத திம்மக்கா 2025 நவம்பர் 14 அன்று காலமான செய்தியை எங்கள் ஏரிக்கரை டீக்கடையில்தான் படித்தேன். வயது 114 என்று போட்டிருந்தது. ‘மரம் நட்ட அம்மா’ என்றே அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் சின்னக் குறை உண்டு. அவர் நட்டதைவிடத் தண்ணீர் ஊற்றியதுதான் அதிகம்.

கர்நாடகத்தில் ஹுலிகல்லிலிருந்து குதூர் போகிற சாலை. கூலி வேலை செய்த திம்மக்காவும் கணவர் சிக்கையாவும், பிள்ளையில்லாத ஏக்கத்தோடு, முதல் வருஷம் 10 ஆலங்கன்று வைத்தார்கள். அடுத்த வருஷம் 15, அதற்கடுத்து 20. நாலு கிலோமீட்டர் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஆடுமாடு வாய்வைக்காமல் முள் கட்டினார்கள். அப்படி நின்றவை 385 மரம். 1991இல் சிக்கையா போனார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. அதே வருஷம் சாலையை அகலப்படுத்த அந்த மரங்களை வெட்டப் பார்க்கிறார்கள் என்று, நூறு தாண்டிய அந்த அம்மா முதலமைச்சரிடம் முறையிட்டார். எங்கள் சேலம் ரோடு நாலு வழியானபோது புளியமரங்களுக்காகப் பேச யாரும் போகவில்லை. நானும்தான்.

ஒரு விஷயம் முக்கியம். திம்மக்காவும் சிக்கையாவும் கன்று வைத்தது மழைக்காலத்தில். நாம் வைப்பது ஜூன் 5-ஆம் தேதி! உலகச் சுற்றுச்சூழல் தினம் நல்ல நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சின்னசேலத்து மண்ணுக்கு அது தெரியாதே. அக்னி நட்சத்திரம் கழிந்த சூடே அடங்கியிருக்காது. அதன்பின் ஆடிக்காற்று. எங்கள் தெருவில் ஒரு ஜூன் 5-இல் நாற்பது குழி வெட்டினோம். மண்வெட்டி பிடித்து நானும் போட்டோவில் நிற்கிறேன். ஆவணியில் பார்த்தால் இரும்புக் கூண்டுகள் மட்டும் நின்றன.

கோவையில் பஸ் கண்டக்டர் யோகநாதன் என்று ஒருவர். டிக்கெட்டோடு மரக்கன்றும் கொடுப்பார், தன் சம்பளத்தில் வாங்கி. அவரைப் பற்றிப் படித்துவிட்டு நானும் நூறு கன்று வாங்கலாமா என்று யோசித்தேன். திம்மக்காவை நினைத்ததும் கணக்குச் சுருங்கியது. என் முழங்காலுக்கு ஒரு குடம்தான் தாங்கும்.

மூன்று வருஷம் முன்பு, புரட்டாசிக் கடைசியில், கல்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், ஏரிக்கரைத் திருப்பத்தில் ஆலம்போத்து ஒன்று ஊன்றினேன். தொடை கனம், ஆள் உயரம். தலையில் சாணி உருண்டை, சுற்றிலும் கருவேல முள். ஐப்பசி மழையில் துளிர்த்துவிட்டது. முதல் கோடையில் ஊரே விசாரித்தது. இரண்டாவது கோடையில் ஒருவரும் கேட்கவில்லை. சித்திரையில் இலையெல்லாம் கொட்டி மொட்டைக் கம்பாக நின்றபோது, எனக்கே இனி ஊற்றுவானேன் என்று தோன்றியது. நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை. ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

போன மாசி மாதம் டீக்கடைக்காரர் கூப்பிட்டார். “குடத்தை வையுங்கய்யா. கிளாஸ் கழுவுற தண்ணிய நானே ஊத்திடுறேன்.”

“சர்க்கரைத் தண்ணிடா, எறும்பு வரும்” என்றேன்.

“வரட்டும்ங்கய்யா, அதுக்கும் நெழலு வேணும்ல.”

இப்போது காலையில் அவர் முறை, சாயங்காலம் என் முறை.