"நீங்க இருங்கோ அம்மம்மா"

"நீங்க இருங்கோ அம்மம்மா, நான் செய்யிறன்." போன வருசம் முழுக்க நான் அதிகம் சொன்ன வசனம் இதுதான். 40 வருசத்துக்கு மேல் விறகடுப்புப் புகைக்குள்ள சமைத்தவ. இப்ப நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். படலை வரை நடந்தாலே இளைக்கும். அதனால் கதிரையை விட்டு எழும்பவே விடவில்லை.

கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் கேட்டா: "கால் ஏன் இப்பிடி மெலிஞ்சு போச்சு?"

அப்பதான் விளங்கினது. இளைக்குது என்று நடக்காமல் விட்டால் தசை கரையும். பலமில்லாத தசை சின்ன வேலைக்கும் கூடுதல் ஒட்சிசன் கேட்கும். பிறகு இன்னும் இளைக்கும். பாசம் என்று நான் செய்தது அவவின் காலைத்தான் தின்றிருக்கிறது.

பயிற்சி நுரையீரலைத் திருத்தாது, கால்களைத் திருத்தும். மிஸ் சொல்லிக் குடுத்தபடி அதே கதிரையில் இருந்து எழும்பி இருக்கிறா. 5 தரத்தில் தொடங்கினது, இப்ப 10. அரை லீற்றர் தண்ணிப் போத்தலைத் தூக்குகிறா. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுகிறா.

இன்னும் இளைக்குதுதான். ஆனா படலையடியில் நின்று பக்கத்து வீட்டோட கதைக்கிறா. நேற்று நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

"நீ இரு" என்றா.